ஆன்டகோனிஸ்ட்: இருக்கையில் போட்ட துண்டு

மருந்தியலில் வரும் ‘ஆன்டகோனிஸ்ட்’ என்ற சொல்லை ‘எதிரி’ என்றோ ‘எதிர்மருந்து’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தடம் மாற்றும்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘அகோன்’ என்றால் போட்டி. ‘அகோனிஸ்டெஸ்’ போட்டியில் இறங்குபவர். ‘அன்டி’ சேர்ந்தால் அவரை எதிர்த்து ஆடுபவர். ஆடுகளம், செல்லில் உள்ள ஏற்பி (ரிசெப்டர்): மருந்தோ உடலின் வேதிப்பொருளோ வந்து அமரும் இடம். இலங்கையில் அதை ‘வாங்கி’ என்பார்கள். நிக்கோட்டினும் அம்பு நஞ்சான குராரேயும் தசையில் ஒரே பொருளின்மேல் மோதுவதைக் கண்ட ஆங்கிலேய உடலியலாளர் லாங்லி, 1905இல் அதை ‘ஏற்கும் பொருள்’ என்றார். ‘ரிசெப்டர்’ என்ற பெயர் ஜெர்மன் விஞ்ஞானி எர்லிக் வழி வந்தது.

அகோனிஸ்ட் ஏற்பியில் அமர்ந்து அதை இயக்கும். ஆன்டகோனிஸ்ட் அமரும், இயக்காது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பதுபோல, அடுத்தவர் உட்காராமல் பார்த்துக்கொள்வதோடு சரி. மார்பின் போன்றவை ஏறாத உடம்பில், அவற்றின் ஏற்பிக்கு ஆன்டகோனிஸ்டான நாலோக்சோன் போட்டால் ஏறத்தாழ ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுவே. கடும் ஒவ்வாமையில் அட்ரினலின் செய்வது வேறு: ஒவ்வாமையை மூட்டும் ஹிஸ்டமினின் ஏற்பியை அது தொடுவதே இல்லை, தன் ஏற்பிகளை இயக்கி எதிர்விளைவை உண்டாக்குகிறது. ‘எதிரி’ என்ற பெயர் வேண்டுமானால் அதற்குப் பொருந்தும்.

போட்டி என்பதால் எண்ணிக்கை முக்கியம். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்தவர் உடலில், நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் சிதையாமல் குவிகிறது. அதோடு ஏற்பியில் இடத்துக்கு மோதும் ஆன்டகோனிஸ்டான அட்ரோபினும் அதற்கு ஈடாகக் குவிய வேண்டும். 0.6 மி.கி. ஆம்பூல் ஒன்று எம்மாத்திரம்? 1.8 முதல் 3 மி.கி. வரை நரம்பில் ஏற்றி, போதிய பலன் இல்லையென்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குவார்கள். நுரையீரலில் நீர்ச்சத்தம் அடங்கி, நாடித்துடிப்பு 80ஐத் தாண்டி, மேல் ரத்த அழுத்தமும் 80க்கு மேல் நிற்க வேண்டும். கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்துவது பிழை. காய்ச்சல், பிதற்றல், குடலசைவு நின்றுபோதல் மூன்றும் சேர்ந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

அசிட்டைல்கோலினுக்கு இரு வகை ஏற்பிகள்: மஸ்கரினிக், நிக்கோட்டினிக். அட்ரோபின் அடைப்பது மஸ்கரினிக் ஏற்பியை மட்டும். சுவாசத் தசையின் நிக்கோட்டினிக் ஏற்பி அதற்கு எட்டாது. தசை தளர்ந்தால் செயற்கைச் சுவாசம்தான் வழி.

தமிழில் ‘ஏற்பித் தடுப்பான்’ எனலாம். வெறும் ‘தடுப்பான்’ போதாது, நொதியைத் தடுக்கும் மருந்துக்கும் அதே பெயர் வழங்குகிறது. இணையான அகோனிஸ்டுக்கு ‘ஏற்பித் தூண்டி’.