சித்தியின் சிவப்பு மருந்தும் பிளாஸ்க் தேநீரும்

யாங்கோனில் (எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரங்கூன்தான்) எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் மேஜையில் பச்சைத் தேநீர் பிளாஸ்க் இருக்கும். பால் டீக்குத்தான் காசு, இது சும்மா. பர்மியர்கள் யேநுவேஜான் என்பார்கள். சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கியதும், பார்க்க வந்தவர்களெல்லாம் அதையே சொன்னார்கள்: "நிறையக் குடிங்கக்கா, ஹார்ட்டுக்கு நல்லது." ஒருவர் பாங்காக்கிலிருந்து கிரீன் டீ மாத்திரை டப்பாவே வாங்கி வந்துவிட்டார்.

அவர்கள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை.

சித்திக்கு ஏற்றியது டாக்சோரூபிசின். நல்ல சிவப்பு. சிறுநீரும் சிவந்து வர, ரத்தம் என்று பயந்துவிட்டார். வெறும் மருந்தின் நிறம்தான். வேகமாகப் பெருகும் செல்களின் டிஎன்ஏ-வில் புகுந்து அவற்றைக் கொல்லும் மருந்து இது. இதயத் தசைச் செல்களோ பிரிவதே அபூர்வம். அப்படியிருந்தும் இந்த மருந்தால் இதயம் கெடுவதுண்டு. ஏன்?

இதயம் ஓயாமல் துடிக்க வேண்டும். அதனால் அதன் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. டாக்சோரூபிசின் அவற்றின் உட்சவ்வில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஓடும் எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜன் தலையில் கட்டிவிட்டு, அடுத்ததைப் பிடுங்கப் போகிறது. இப்படிப் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்பைச் சந்தித்தால், எதிர்ப்பட்டதையெல்லாம் அரிக்கும் ஹைட்ராக்சில் துகளாகிவிடும். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி கல்லீரலில் ஏராளம், இதயத்தில் சொற்பம். செத்த செல்லும் லேசில் திரும்பாது. அதனால்தான் வாழ்நாள் முழுக்க ஏற்றிய மருந்துக்கு டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள்; உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை.

தேநீர் குறுக்கிடுவது அந்த இரும்பில்தான். பச்சைத் தேநீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுப் பாருங்கள், கறுத்துப் போகும். தேயிலையில் இருக்கும் ஈஜிசிஜி போன்ற கேட்டசின் என்ற வேதிப்பொருள்கள் இரும்பைக் கவ்விக்கொள்வதால் வரும் கறுப்பு அது. செல்லுக்குள்ளும் இப்படிக் கவ்வும். கூடவே, செல் தன் சொந்தக் காப்பு நொதிகளைச் சுரக்கும்படியும் தூண்டிவிடும். டாக்சோரூபிசின் கொடுத்த எலிகளில் ஈஜிசிஜி இதயச் சேதத்தைக் குறைத்திருக்கிறது.

சரி, எலிக்குப் போனது தனியாகப் பிரித்தெடுத்த ஈஜிசிஜி. நாம் குடிக்கும் கோப்பையிலிருந்து ரத்தத்தில் சேர்வது துளியூண்டு. ஆய்வகத் தட்டில் செல்கள்மேல் ஊற்றுவது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அப்படியானால் மாத்திரை? அங்கேதான் எனக்கு உதறல். தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி மாத்திரையாகப் போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கவ்வுகிற குணம் ஆளும் பார்க்காது: போர்டெசோமிப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் மூலக்கூறிலுள்ள போரான் அணுவையே ஈஜிசிஜி கவ்வி, மருந்தைச் செயலிழக்க வைப்பதை 2009-இல் செல்களிலும் சுண்டெலிகளிலும் கண்டார்கள்.

இதயத்தைக் காக்க மருத்துவர்கள் கையில் டெக்ஸ்ராசோக்சேன் இருக்கிறது. அதுவும் இரும்பைப் பிடிக்கிற ஆள்தான், ஆனால் மனிதர்களிடம் சோதித்து அளவு வகுத்தது.

சித்தி டாக்டரிடமே கேட்டுவிட்டார். இரண்டு கோப்பை குடிக்கலாம், மாத்திரை கூடாது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கத் தவறக் கூடாது என்றார். பாங்காக் டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.