லோகோ பெருசானா விலை ஏறுமா, இறங்குமா?

ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் கடன வாங்கியாவது பிராண்ட் வாட்ச், பிராண்ட் பைன்னு அலையறான், அவன் நார்சிஸிஸ்டா? ராசி வேற சிம்மம்." ராசிய விடுங்க சார். நார்சிஸிசம்னா சுயமோகம், அத அளக்க ராஸ்கின், ஹால்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979லயே கேள்வித்தாள் போட்டுட்டாங்க. அதுல மார்க் அதிகம் வந்தா உடனே வியாதின்னு இல்ல, இந்தக் குணம் எல்லார்கிட்டயும் இருக்கு, ஆளுக்கு ஆள் அளவுதான் மாறும். வியாதின்னு சொல்ல டாக்டர் வேணும், பக்கத்து சீட்டுக்காரர் போதாது.

மார்க் அதிகம் வாங்கறவங்க ஆடம்பரப் பொருள் பக்கம் சாயறாங்கன்னு பல ஆய்வுல வந்திருக்கு. 'நான் உசத்தி'ங்கற நெனப்புக்கு வெளிய இருந்து யாராச்சும் ஆமாம் போட்டுட்டே இருக்கணும், நேத்து போட்ட ஆமாம் இன்னிக்குச் செல்லாது. 2013ல வந்த ஒரு ஆய்வுப்படி இவங்களுக்கு லிமிடெட் எடிஷன் மாதிரி தன்னத் தனியா காட்டற பொருள் மேலதான் கண்ணு. அதாவது அந்தப் பொருள் என்னன்னு ஊருக்கே தெரியணும், ஆனா ஊர்ல யார்கிட்டயும் இருக்கக்கூடாது. பாவம்தான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். 2010ல ஹான், நூனெஸ், ட்ரேஸ்னு மூணு ஆய்வாளர்கள் லூயி வுய்ட்டான் (Louis Vuitton), கூச்சி (Gucci)ங்கற ஆடம்பர பிராண்ட் ஹேண்ட்பேக், மெர்சிடிஸ் கார் எல்லாத்தையும் எடுத்து, லோகோ எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு, விலை எவ்ளோன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. லோகோ பெருசாக பெருசாக விலை குறையுது! தலைகீழா இருக்கேன்னு தோணும், ஆனா யாரு பாக்கணும்னு யோசிச்சா புரிஞ்சிடும். பெரிய பணக்காரங்க இன்னொரு பெரிய பணக்காரங்க கண்ணுல பட்டா போதும், அவங்களுக்குத் தையலப் பாத்தே தெரியும். பெரிய லோகோ ரோட்டுல போறவனுக்கு. அதனாலதான் டூப்ளிகேட் அடிக்கிறவனும் லோகோ பெருசா இருக்கற பையாப் பாத்து அடிக்கிறான், அமைதியா இருக்கற பைய காப்பி அடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?

சரி, காட்டினா பலன் உண்டா? உண்டு. நெதர்லாந்துல ஒரு பொண்ணு ஷாப்பிங் சென்டர்ல நின்னு சர்வேக்கு ஆள் கூப்பிட்டாங்க. டிரெஸ்ல பிராண்ட் லோகோ இருந்தப்ப 52 சதவீதம் பேர் சரின்னாங்க, இல்லாதப்ப 13தான். 2011ல வந்த ஆய்வு. இதுக்கெல்லாம் அரசு காசு குடுக்கணுமான்னு கேப்பாங்க, தாராளமா குடுக்கலாம்னு நான் சொல்வேன், நம்மள பத்தி நமக்கே தெரியாதத இவ்ளோ மலிவா யாரு சொல்லுவா?

அதனால உங்க ஆபீஸ் நண்பர பைய வெச்சு எடை போடாதீங்க. சுயமோகம் இல்லாதவனும் வாங்குவான், ஏன்னா பாக்கற நாமதான் மரியாதைய அள்ளிக் குடுக்கறோமே.

பொருளே இல்லாம வெறும் பந்தாவ மட்டும் வித்தா என்ன ஆகும்? அதையும் ஒருத்தர் பாத்துட்டாரு. 2008ல ஐபோனுக்கு 'ஐ ஆம் ரிச்'னு ஒரு ஆப், விலை 999.99 டாலர், தொறந்தா செவப்பா ஒரு கல்லு மின்னும், வேற ஒரு வேலையும் கெடையாது. ஆப்பிள் சீக்கிரமே தூக்கிடுச்சு, அதுக்குள்ள 8 வித்துப் போச்சு. வாங்கினதுல ஒருத்தர், ஜோக்னு நெனச்சு அழுத்திட்டேங்கன்னு பொலம்பினாராம்.