சோலார் இருந்தும் ஏன் இருள்?

கூரை நிறைய சோலார் தகடுகள், நல்ல வெயில். ஆனாலும் தெருக் கம்பியில் மின்சாரம் நின்றால், பேட்டரி இல்லாத வீட்டில் மின்விசிறியும் நின்றுவிடுகிறது. தகட்டில் பழுதில்லை. தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் கருவி இன்வெர்ட்டர். சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கம்பியில் ஓடும் மின் அலையின் தாளத்தைக் கேட்டு, அதற்கேற்பத்தான் மின்சாரத்தைச் செலுத்தும். தாளம் நின்றால் தானும் நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால், கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிப் பழுதுபார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து.

அந்தத் தாளம் பெரும்பாலான நாடுகளில் நொடிக்கு 50 அலை, சில நாடுகளில் 60. இதுவரை அதைக் காத்துவந்தவை அனல், புனல், அணு மின்நிலையங்களின் கனத்த சுழலிகள். ஒரு நிலையம் திடீரென்று நின்றால், மற்றவற்றின் சுழலிகள் சற்றே வேகம் குறைந்து, தம் சுழற்சியில் பொதிந்த ஆற்றலை, எல்லா நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்புக்குக் கொடுத்துவிடும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. கிடைப்பது சில நொடி அவகாசம்தான், ஆனால் எல்லாமே அதற்குள்தான் தீர்மானமாகிறது. சோலாரில் சுழல்வது எதுவுமில்லை. இன்றைய காற்றாலைகளோ மின்னணுக் கருவி வழியாக இணைவதால், அவற்றின் சுழற்சி தொகுப்புக்குத் தானாக எட்டாது.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் பதிந்திருந்தது. 7 நொடிக்குள் 456 மெகாவாட் போனது. அண்டை மாநில இணைப்பு அந்தச் சுமையைத் தாங்காமல் தன்னைத் துண்டித்துக்கொள்ள, சுமார் 8.5 லட்சம் இணைப்புகள் இருண்டன. பலர் காற்றாலைகளையே பழித்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. குறை, கட்டுப்பாட்டில் பதிந்திருந்த அந்த எண்ணில். பிறகு அதைத் திருத்தினார்கள். 2017இல் 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது. நொடிக்கும் குறைவான நேரத்தில் அதனால் கைகொடுக்க முடியும். 2021இல் எரிபொருள் எரிக்காமல், தொகுப்போடு இணைந்து சுழன்றுகொண்டே இருக்கும் நான்கு கனத்த இயந்திரங்களையும் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது வரும் ஒருவகை இன்வெர்ட்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது பேட்டரியின் துணையோடு தாளத்தைத் தானே போடும். அப்படியானால், பெரிய தொகுப்பு விழும்போது ஒரு சிறு பகுதி தன்னைத் துண்டித்துக்கொண்டு தனித்தே இயங்கலாம்.

ஜப்பானின் செண்டாய் நகரில் 2011 மார்ச் நிலநடுக்கத்தின்போது ஒரு பல்கலைக்கழக வளாகம் இப்படித்தான் தப்பியது. வெளித்தொகுப்பு இரண்டு நாளுக்கும் மேல் செயலிழந்திருந்தது. வளாகத்துக்கு மின்சாரம் தந்த எரிவாயு எந்திரங்களும் முதலில் நின்றுவிட்டன. அந்த இடைவெளியில் முக்கியக் கருவிகளுக்கு மின்சாரம் தந்தவை பேட்டரியும் சோலாரும். மறுநாள் ஊழியர்கள் எந்திரங்களைக் கையால் கிளப்பினார்கள். அங்கிருந்த மருத்துவமனைக்கு மின்சாரம் கிடைத்தது.