தேய்த்தாலும் போகாத நீலம்

நீர்வண்ண ஓவியத்தில் தவறிப் படிந்த நீலத்தை ஈரத் தூரிகையால் எடுக்க முயலும்போது ஒரு நீலம் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடுகிறது, மற்றொன்று எவ்வளவு தேய்த்தாலும் கறையாகவே நிற்கிறது, இது ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நீர்வண்ணம் என்பது நிறமித்தூளை வேலம்பிசினில் குழைத்தது. எண்ணெய் வண்ணம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவதால் மீண்டும் கரையாது. பிசினோ நீர் ஆவியாவதால் மட்டுமே உலர்வதால் நீர் பட்டதும் மறுபடி இளகுகிறது. ஆனால் பிசின் இளகினால் மட்டும் போதாது, நிறமித் துகளும் தாளை விட வேண்டும்.

எளிதில் வந்துவிடும் அல்ட்ராமெரின் நீலத்தின் துகள்கள் பருமனானவை; கறையாக நிற்கும் தாலோ நீலத்தின் துகள்களோ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியவை என்பதால் பருத்தி இழைகளின் நுண்ணிய மடிப்புகளுக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. அதைவிடச் சுவையான காரணம் ஒன்றுண்டு. துகளின் ஆரம் பத்து மடங்கு கூடினால், இழையோடு அதைப் பிணைக்கும் வாண்டர்வால்ஸ் விசை (மிக நெருங்கிய மூலக்கூறுகளுக்கிடையிலான மெல்லிய ஈர்ப்பு) ஏறத்தாழ பத்து மடங்குதான் கூடும். தாளையொட்டி ஓடும் நீர் அதை இழுக்கும் விசையோ நூறு மடங்கு கூடும். ஆகவே பெரிய துகள் தூரிகையின் ஈரத்துக்கே பெயர்ந்துவிட, சிறியது அசையாமல் இருக்கிறது. முழு வேகத்தில் சுழலும் மின்விசிறி இறக்கையில் நுண்தூசி மட்டும் படிந்தே கிடப்பதும் இந்தக் கணக்கால்தான்.

இந்தப் பிடிவாத நீலத்தின் குடும்பம் வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு விபத்தால். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், தாலிமைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்த கலனின் எனாமல் பூச்சு விரிசல்விட்டு உள்ளிருந்த இரும்பு வெளிப்பட, நீல நிறப் பொருளொன்று கலந்து வந்தது. அதைக் கழிவென்று கொட்டாமல் ஆராய்ந்ததால், இரும்புக்குப் பதில் செம்பு கொண்ட அதன் உறவான தாலோ நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டே நிதி ஒதுக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வண்ணக் குழாயில் நிறமிக் குறியீடு பி.பி.29 (PB29) என்றிருந்தால் அல்ட்ராமெரின், பி.பி.15 (PB15) என்றிருந்தால் தாலோ. முதலாவதை நனைத்து, சற்றே ஊறவிட்டு, மெல்லிழைத்தாளால் ஒற்றி எடுக்கலாம். அழுத்தித் தேய்த்தால் தாளின் ஜெலட்டின் பூச்சு சிதைந்து, அடுத்த வண்ணம் அங்கே திட்டுத்திட்டாக ஊறும். தாலோவுக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளென்றால், நன்கு உலர்ந்தபின் கத்திமுனையால் சுரண்டுவதே வழி. ஆங்கில ஓவியர் டர்னர் நீரின் மினுமினுப்பைக் காட்டச் சுரண்டியதும் அப்படித்தான். சுரண்டிய இடத்தில் மட்டும் பின்னர் வண்ணம் தீட்டக் கூடாது.