ஜெட்டியில் டிரிப் ஆகும் படகு: எர்த் கம்பியை வெட்டாதீர்கள்

ஆலப்புழாவில் படகு வீடுகளுக்கு மின்வேலை செய்யும் எனக்கு அடிக்கடி வரும் அழைப்பு இதுதான்: "ஜெனரேட்டரில் எல்லாம் ஓடுகிறது, இன்வெர்ட்டரிலும் ஓடுகிறது. ஜெட்டியில் பிளக்கைச் செருகினால் மட்டும் டிரிப் ஆகிறது." பல நேரங்களில் நான் போவதற்குள் யாராவது பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் கம்பியை வெட்டியிருப்பார். இல்லையென்றால் கரை மின்பலகையில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியை எடுத்துவிட்டு, அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்கு மட்டும் துண்டிக்கும் வெறும் எம்சிபியைப் போட்டிருப்பார். டிரிப் நின்றுவிடும். பழுது படகிலேயே இருக்கும், அதைக் காட்டிக்கொடுக்கத்தான் ஆள் இருக்காது.

ஆர்சிசிபி செய்வது எளிய கணக்கு. பேஸில் போன மின்னோட்டம் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் துண்டித்துவிடுகிறது. குறைந்த அந்தப் பங்கு எர்த் கம்பி வழியாகவோ தண்ணீர் வழியாகவோ போகிறது என்று பொருள். ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் டிரிப் ஆகாததைப் படகு சரியாக இருப்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் படகுகள் பலவற்றில் அவற்றின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதக்கிறது. கசியும் மின்சாரத்துக்குத் திரும்பிப்போக வழி இல்லாததால் அதே பழுது அங்கே வெளியே தெரிவதில்லை.

நான் அதிகம் பார்க்கும் காரணம், படகுப் பலகையில் நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ நிரந்தரமாக இணைத்து வைத்திருப்பது. இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இணைப்பு தேவைதான். அது இருந்தால்தான் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் கரை மின்சாரம் வந்தவுடன் அது விலகிவிட வேண்டும், ஏனென்றால் கரையில் ஏற்கெனவே அந்த இணைப்பு உண்டு. இரண்டு இடத்திலும் சேர்ந்திருந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்க் கரையின் ஆர்சிசிபியை விழவைக்கும். படகுகளுக்கென்று செய்யப்படும் இன்வெர்ட்டர்-சார்ஜர்கள் பலவற்றில் இந்த இணைப்பைத் தானே சேர்த்துப் பிரிக்கும் ஒரு ரிலே இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரை வாங்கிப் படகில் வைத்தால் அந்த ரிலே கிடைக்காது, ஒருவர் கம்பித் துண்டால் சேர்த்துவிட்டுப் போய்விடுவார். ரிலே இருக்கும் இயந்திரத்திலும் அது ஒட்டிக்கொண்டால் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. கரைப் பிளக்கைக் கழற்றி, இன்வெர்ட்டரையும் ஜெனரேட்டரையும் அணைத்து, படகின் மெயின் சுவிட்சுகளைப் போட்டுவிட்டு, பிளக்கின் நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டினால் எங்கோ இரண்டும் சேர்ந்திருக்கின்றன. சேராவிட்டால், எல்லா எம்சிபிகளையும் அணைத்துவிட்டு, கரைப் பிளக்கைச் செருகி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் அதன் சுருள் ஈரம் வாங்கியிருக்கும். எந்த விளக்கைப் போட்டாலும் விழுந்தால், இன்வெர்ட்டர் வழி ஓடுபவற்றின் நியூட்ரலும் நேரடியாக ஓடுபவற்றின் நியூட்ரலும் ஒரே பட்டையில் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று அழைக்கும் பலரின் இன்வெர்ட்டர் நன்றாகவே இருக்கிறது. கரையிலிருந்து 60 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து ஏசி ஓட்டினால், 15 ஆம்பியரில் போக வர சுமார் 22 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். மாலையில் ஜெட்டிக்கு வருவதே 200 வோல்ட் என்றால், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 180-க்குக் கீழே இறங்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும், மீளும், மறுபடி தாவும். கம்பியை மாற்றுங்கள். பேட்டரிப் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க 90 ஆம்பியருக்குக் குறையாமல் ஓட வேண்டும். கம்பி முனையில் மாட்டும் லக் ஒன்று தளர்ந்து, அதில் 0.01 ஓம் தடை இருந்தால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் போய்விடும், 80 வாட் வெப்பம் அந்த ஒரே இடத்தில் உருவாகும். பேட்டரி முனையில் ஒரு முறையும் இன்வெர்ட்டர் முனையில் ஒரு முறையும், சுமை ஓடும்போதே அளந்து பாருங்கள். புதுப் பேட்டரி வாங்கும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.

எர்த் கம்பியை வெட்டுவதைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் படகுகள் நிற்கும் வேம்பநாட்டு ஏரியின் தண்ணீர். படகு மரம்தானே என்பார்கள். புரொப்பல்லரும் அதன் தண்டும் உலோகம், அவை எஞ்சின் வழியாகப் படகின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. கரைக்குப் போகும் எர்த் அறுந்தால், கசியும் மின்சாரம் தண்டு வழியாகத் தண்ணீரில் இறங்கும். கடலில் உப்புநீர் மனித உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் ஆபத்து குறைவு. நன்னீர் மோசமான கடத்தி. அதில் இருக்கும் மனித உடலே மின்சாரத்துக்கு எளிய பாதையாகிவிடுகிறது. வேம்பநாட்டு ஏரியின் தென்பகுதி ஆண்டின் பெரும்பகுதி கிட்டத்தட்ட நன்னீர். மழைக்காலத்தில் பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் நிரப்புகின்றன. வறண்ட மாதங்களில் குட்டநாட்டு நெல்வயல்களுக்காகத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைத்து உப்பை நிறுத்துகிறார்கள். புரொப்பல்லரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் இறங்கி அறுப்பவர்கள் நம் படகுப் பணியாளர்கள். சுமார் 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே தசைகள் பிடித்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவரும் கையை அசைக்க முடியாமல் மூழ்குவார். உடலில் காயம் எதுவும் இராது, நீரில் மூழ்கிய மரணம் என்றே பதிவாகும்.

உங்கள் படகு தண்ணீரில் மின்சாரம் விடுகிறதா என்று கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டாம். மில்லி ஆம்பியர் அளக்கும் கசிவு கிளாம்ப் மீட்டரை, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்த முழுக் கரைக் கேபிளின் மீது மாட்டுங்கள். படகில் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டுவது, கேபிள் வழியே திரும்பாமல் தண்ணீர் வழியே போய்வரும் மின்சாரம். அது உங்கள் படகுடையதாகவோ பக்கத்துப் படகுடையதாகவோ இருக்கலாம். பக்கத்துப் படகின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஜெட்டியில் ஆர்சிசிபி இல்லாவிட்டால் படகுக்குள் கரைக் கம்பி நுழையும் இடத்திலேயே ஒன்றைப் போடுங்கள், மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். எர்த் கம்பியில் கை வைக்க வேண்டாம். தண்ணீரில் இறங்குவதற்கு முன், தன் படகின் பிளக்கும் ஒட்டி நிற்கும் படகுகளின் பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்கின்றனவா, ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று இறங்குபவரே பார்க்கட்டும். யாராவது தண்ணீரில் தவிப்பதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். முதலில் ஜெட்டியின் மெயின் சுவிட்சை அணையுங்கள், மிதவை வளையத்தையோ கயிற்றையோ எறியுங்கள், படகிலிருந்து விலகி வரச் சொல்லுங்கள். அந்த மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது சமையல்காரர் உட்பட படகில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.