விசுவாசம்: ஒரு சொல்லின் வழி

வரவேற்பு பேனர் ஆகட்டும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகட்டும், திருநெல்வேலிச் சீமையில் கட்சிக்காரர் பெயருக்கு முன்னால் ‘உண்மை விசுவாசி’ என்ற அடைமொழியைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பது சிரமம். வடமொழிச் சொல் அது. தமிழுக்கு வந்தபின் அதன் பொருள் தலைகீழாகத் திரும்பிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வடமொழியில் விச்வாசம் என்றால் நம்பிக்கை. ‘ச்வஸ்’ என்ற வேருக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். நாம் சொல்லும் சுவாசமும் அந்த வேரில் பிறந்ததே. ஒருவரிடத்தில் பயமின்றி, ஆசுவாசமாக மூச்சுவிட முடிகிறதே, அந்த நிலை விச்வாசம். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப்பக்கம் போனால் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டசபையில் நாம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பதை மலையாளத்தில் அவிசுவாச பிரமேயம் என்கிறார்கள். அங்கே விசுவாசம் கொடுக்கலாம், கொடுத்ததைத் திருப்பியும் எடுக்கலாம்.

தமிழில் இந்தச் சொல் இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று தேவாலய வழி. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் இடையன்குடியிலும் விசுவாசி என்றால் சபையைச் சேர்ந்தவர். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் எபிரெயர் நிருபம் பதினோராம் அதிகாரம், ‘விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது’ என்று தொடங்கும். கடவுள் விஷயத்தில் அது சரி. காணப்படாதவைகளின் நிச்சயத்தைத் தேர்தல் அறிக்கை விஷயத்தில் வைத்துக்கொள்கிறவர்களும் நம்மூரில் நிறைய உண்டு என்பது வேறு கதை. பின்னாளில் வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பு இதே இடத்தில் ‘நம்பிக்கை’ என்று நல்ல தமிழில் எழுதிவிட்டது.

இன்னொன்று அரண்மனை வழி. எஜமான விசுவாசம், ராஜ விசுவாசம். இங்கே வந்ததும் நம்புகிறவன் மனநிலை என்ற பொருள் போய், கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் செலுத்த வேண்டிய கடமை என்றாகிவிட்டது. நாய் விசுவாசமுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினோமே, அந்தப் பொருள். இதற்கு எதிர்ச்சொல் அவிசுவாசம் அல்ல, துரோகம். 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது ராஜ துரோகக் குற்றத்துக்குத்தான். கட்சிகள் எடுத்துக்கொண்டது இந்த அரண்மனைப் பொருளை. அதனால்தான் கட்சிப் பேச்சில் விசுவாசி, துரோகி என்று இரண்டே இரண்டு சாதி. கேள்வி கேட்பவனுக்கு அங்கே தனிப் பெயர் கிடையாது.

இந்த அகராதியை வைத்துக்கொண்டு கட்சி வரலாற்றைப் படித்தால் சிரிப்பு வரும். 1967 முதல் 2021 வரை தமிழகத்தில் நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சிக்கு வந்தவை திமுகவும் அதிமுகவும்தான். அதில் ஒன்று 1949இல் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியது. மற்றது 1972இல் முதல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் தொடங்கியது. நம்மூர்ப் பக்கம் கலிங்கப்பட்டிக்காரர் வைகோவும் நீக்கப்பட்டபின் 1994இல் தனிக் கட்சி கண்டவர்தான். ஆக, தலைவர்கள் விலகலாம், மோதலாம், புதுக்கொடி ஏற்றலாம். திருநெல்வேலித் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2001இலும் 2011இலும் இரட்டை இலையில் வென்ற நயினார் நாகேந்திரன் 2021இல் தாமரையில் வென்றார். அது அவர் உரிமை. விசுவாசம் என்ற பாரம் மட்டும் ஏன் கொடி கட்டுகிறவன் தலையிலும் ஓட்டுப் போடுகிறவன் தலையிலும் இறங்குகிறது?

பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில், கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தினசரியை விரித்திருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன்: “ஆத்துல சாக்கடை கலக்குன்னு போன ஆட்சியில நீங்கதான அண்ணாச்சி மறியல்ல உக்காந்திய? இப்பவும் கலக்குலா?”

“கலக்கத்தான் செய்யுது. அதுக்காவ நம்ம ஆட்சியில நாமளே போயி மறியல் பண்ண முடியுமா தம்பி? எங்க அப்பா காலத்துலேருந்து அந்தச் சின்னந்தான். வேற பொத்தான இந்தக் கை அமுக்காது.”

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். ஆட்காட்டி விரல் நகத்தில் மை இன்னும் முழுதாக அழியவில்லை. நல்ல மனுசன், ஊர்க் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வருசம் தெரியும், ஐந்து வருசம் தெரியாது. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சிக்காரரும் அதே கணக்குத்தான், வருசங்கள் மட்டும் மாறி வரும். ரெண்டு பேர் மீதும் எனக்கு எரிச்சல் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் என்றால் ஒரு நியாயம் சொல்லலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் அவர் பதவி போகக்கூடும். அண்ணாச்சிக்கு எந்தக் கொறடா? பதவியும் இல்லை, பறிபோவதும் இல்லை.

இனித் தமிழ்ச் சொல். எஜமான விசுவாசத்துக்கு நேரான பழைய சொல் செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்காகப் போர்க்களத்தில் உயிரைக் கொடுப்பது. படைவீரனுக்கு அது பொருந்தும், வாக்காளனுக்குப் பொருந்தாது. இங்கே சோறு போட்டவன் வாக்காளன், உண்டது கட்சி. கடன்பட்டவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கட்சிப் பணியாளரின் பிடிப்பைச் சொல்ல ‘கட்சிப் பற்று’ போதும். அமைச்சர்கள் பதவியேற்கும்போது அரசமைப்பின்பால் ‘உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும் கொண்டிருப்பேன்’ என்கிறார்களே, அங்கே இரண்டு தமிழ்ச் சொற்களும் தனித்தனியே வந்துவிடுகின்றன. மாறாப் பற்று என்ற சொல்லை அரசமைப்புக்கு ஒதுக்கி, கட்சிக்கு வெறும் பற்றைக் கொடுத்தால் எனக்குச் சம்மதம்.

வாக்காளனுக்கு உரிய சொல் வள்ளுவரிடம் இருக்கிறது. நம்புவதை அவர் ‘தெளிதல்’ என்றும் ‘தேறுதல்’ என்றும் சொல்கிறார். தெரிந்து தெளிதல் என்றே ஓர் அதிகாரம். ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ (509). தேர்தல் என்றால் ஆராய்தல், தேறுதல் என்றால் அதன்பின் நம்புதல். ஓட்டுப் போடும் நாளுக்குத் தேர்தல் என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகத்தான் வைத்தார். குறளின் கடைசிச் சொற்கள் இன்னும் நுட்பமானவை: ஆராய்ந்தபிறகும் ஒருவரை எந்தக் காரியத்தில் நம்பலாமோ அந்தக் காரியத்தில் நம்பு. ரேஷன் அரிசியில் ஒரு கட்சியை நம்பிவிட்டு ஆற்று விஷயத்தில் அதே கட்சியோடு மல்லுக்கு நிற்கலாம்.

விசுவாசிகள் தரப்புக்கும் அதே அதிகாரத்தில் ஒரு பிடி கிடைக்கும். தெளிந்தவனிடம் பின்னர் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்கிறது 510ஆம் குறள். ஆனால் அதே குறள் முதலில் கண்டிப்பது ஆராயாமல் தெளிவதை. அப்பா காலத்துச் சின்னத்தை மகன் எப்போது ஆராய்ந்தான்?

இப்படித் தகப்பன் வழியாக வருவதை நம்மூரில் ‘பரம்பரை ஓட்டு’ என்பார்கள். அதற்கு 508ஆம் குறள் பொருந்தும்: ‘தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை தீரா இடும்பை தரும்.’ இதில் ‘வழிமுறை’ என்பதற்கு இன்றைய பொருளைக் கொண்டுவிடக் கூடாது. ஆராயாமல் நம்பியவனின் வழித்தோன்றல்களையே அது குறிக்கிறது.