சுவரை அழிக்கும் முன்னும் காக்கும் முன்னும்

தெருச்சுவர்களில் எழுதும் பெயர்களும் வரையும் ஓவியங்களுமான கிராஃபிட்டியை அழிக்கவோ காக்கவோ உதவி கேட்டு, சுவரோவியப் பராமரிப்பாளனான என்னை அழைப்பவர்களில் பலர், அதற்கு முன்பே அதன்மேல் எதையாவது தேய்த்தோ பூசியோ விட்டிருப்பார்கள். நான் காணும் சேதத்தில் கணிசமான பங்கு அந்த அவசரத்தால் நேர்ந்ததே.

1960களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் பட்டப்பெயர்களைச் சுவர்களில் எழுதத் தொடங்கியபோது, யாருடைய பெயர் அதிக இடங்களில் கண்ணில் படுகிறது என்பதே போட்டியாக இருந்தது. ‘டாக்கி 183’ என்ற கையொப்பத்தைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகு அந்தப் போட்டி சூடுபிடித்து, சுரங்க ரயில் பெட்டிகளில் எழுத்துகள் பெருத்து, பின்னி முறுக்கி, பழகிய கண்களுக்கு மட்டுமே புரியும் வடிவங்களாயின. 1980களில் பாரிஸில் பிளெக் லெ ரா என்ற கலைஞர் ஸ்டென்சில் எனும் வெட்டுத்தகட்டைக் கொண்டு எலிகளைப் பதித்தார். நியூயார்க் ரயில் நிலையங்களில் காலி விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் ஓவியர் கீத் ஹேரிங் சாக்பீஸால் வரைந்தார். இவை எந்த வழிப்போக்கருக்கும் விளங்கின. ஹேரிங் 1986இல் போதைப்பொருளுக்கு எதிராக ஒரு விளையாட்டுத் திடல் சுவரில் அனுமதியின்றி வரைந்து நடவடிக்கைக்கு ஆளானார். அதே ஆண்டில் அதே சுவரில் அனுமதியோடு மீண்டும் வரைந்தார்.

சட்டத்தின் பார்வையும் மாறியது என்பதைக் கட்டட உரிமையாளர்கள் தாமதமாகவே அறிகிறார்கள். நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடத்து ஓவியங்கள் 2013இல் ஓர் இரவில் வெள்ளையடிக்கப்பட்டன. கலைஞர்களுக்கு எழுத்துமூலம் அறிவித்து 90 நாள் அவகாசம் தரும் வழி சட்டத்திலேயே இருந்தும் உரிமையாளர் அதைப் பின்பற்றவில்லை. 2018இல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

இனி சுவருக்கு வருவோம். ஓரத்தில் உரிந்து நிற்கும் ஒரு வண்ணச் செதிலை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மேலே மங்கிய ரோஸ், அடியில் வெள்ளி, அதற்கும் அடியில் யாருடையதோ பழைய பெயரின் நீலம் என அடுக்கடுக்காகத் தெரியும். செதிலின் முதுகில் பஞ்சிழைபோல உப்புப் படிகம் ஒட்டியிருக்கும். அக்ரிலிக் படலம் சுவரின் ஈரத்தை எளிதில் வெளியேற விடாததால், உப்பு அதன் பின்னால் படிந்து வண்ணத்தைத் தள்ளிவிடுகிறது. ‘பாதுகாப்புக்காக’ மேலே வார்னிஷ் அடித்தால் நிலைமை மோசமாகும். மாறாக, அழிப்பதற்காக அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினால் செங்கல்லின் கெட்டியான மேற்தோல் போய்விடும். கரைப்பானை அள்ளி ஊற்றினால் நிறமி துளைகளுக்குள் இறங்கி, எழுத்தின் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். நாணய அளவு மூலையில் பஞ்சுக்குச்சியால் சோதித்துப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெருச்சுவர்களிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்துக் கண்காட்சியில் வைத்ததை எதிர்த்து, புளூ என்ற கலைஞர் 2016இல் இத்தாலியின் போலோனியாவில் தன் ஓவியங்களைத் தானே சாம்பல் நிறத்தால் மூடினார். அவர் விருப்பம் எனக்கு உடன்பாடே. ஆகவே புதிதாகச் சுவர் கொடுப்பவர்களிடம், ஓவியம் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், மங்கினால் யார் தீட்டலாம், வெள்ளையடிக்கும் முன் யாருக்கு அறிவிக்க வேண்டும், எந்த நிறுவனத்தின் எந்த வண்ணம் பயன்பட்டது என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்கிறேன்.